வாங்கினதா, வாடகைக்கு எடுத்ததா? கண்டியிலிருந்து ஒரு லைசன்ஸ் வரலாறு

போனில் ஒரு கேம், ஒரு மின்னூல், ஒரு படம், எதுவாகவும் இருக்கட்டும். விலைக்குப் பக்கத்தில் ‘வாங்கு’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினா கார்டிலிருந்து காசு போயிடும். ஆனா நாம வாசிக்காமலே ‘ஏற்றுக்கொள்கிறேன்’ போட்ட நீளமான ஒப்பந்தத்தில் வேறொரு கதை எழுதியிருக்கும்: இது உங்களுக்கு விற்கப்படவில்லை, பாவிப்பதற்கு லைசன்ஸ் மட்டும் தரப்படுகிறது, இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது, கம்பனி நினைத்தால் நிறுத்தலாம். பொத்தானில் ஒரு பேச்சு, ஒப்பந்தத்தில் இன்னொரு பேச்சு.

எந்தப் பேச்சு செல்லும் என்று கேட்டு உலகத்தில் பல நாடுகளில் வழக்குகள் நடந்திருக்கின்றன. பொதுவா இதை அமெரிக்காவில் தொடங்கி அமெரிக்காவிலேயே முடிக்கிற கதையாகத்தான் எழுதுவார்கள். கண்டியிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து பார்த்தா கதை வேற இடத்தில் தொடங்குது. சொந்தமில்லாமல் ஒன்றை வைத்திருப்பது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு யாரும் புதுசா விளக்கத் தேவையில்லை.

பரவேணியும் மாருவெனவும்

கண்டி இராச்சியத்தில் நிலம் அரசனுடையது என்பதுதான் அடிப்படைக் கோட்பாடு. மற்றவர்கள் ஏதாவது ஒரு சேவைக்குப் பதிலாக அதை வைத்திருந்தார்கள். மேளம் அடிக்கிறவர், பெரஹராவுக்குத் தீப்பந்தம் தூக்குகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காணித்துண்டு, அதோடு ஒட்டின ஒரு கடமை. இந்தக் கடமைக்குப் பெயர் இராஜகாரிய. 1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. 1832இல் அரசுக்குச் செய்கிற கட்டாய சேவையை அவர்கள் ஒழித்தார்கள். ஆனால் தலதா மாளிகை, விகாரைகள், தேவாலயங்கள் ஆகியவற்றின் நிலங்களிலும், பிரபுக்களின் நிந்தகம் நிலங்களிலும் பழைய முறை தொடர்ந்தது. அதை ஒழுங்குபடுத்த வந்ததுதான் 1870ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சேவை நிலவுரித்துக் கட்டளைச் சட்டம்.

அந்தச் சட்டம் நிலத்தை வைத்திருந்தவர்களை இரண்டு வகையாகப் பிரித்தது. ஒருவர் பரவேணி நிலகாரர். சேவைக்குக் கட்டுப்பட்டு, ஆனா நிரந்தரமாக வைத்திருப்பவர். அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகும். (யாழ்ப்பாணத்துத் தமிழில் பரம்பரையைக் குறிக்கிற ‘பரவணி’யும் இதே சொல்தான்.) மற்றவர் மாருவென நிலகாரர். சொந்தக்காரர் விரும்புகிற வரைக்கும்தான் அவருக்கு நிலம்.

இன்றைய பாஷையில் சொன்னா, ஒரே தடவை காசு கட்டி எடுக்கிற நிரந்தர லைசன்ஸ் பரவேணி. மாசாமாசம் கட்டுற சந்தா மாருவென.

அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று இருக்கு. பரவேணி நிலகாரர் சேவை செய்யத் தவறினாலும் நிலத்தைவிட்டு அவரை எழுப்ப முடியாது. சொந்தக்காரர் நட்டத்துக்கு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அதாவது கடமை தவறினதுக்குத் தண்டனை உண்டு, ஆனா தண்டனை காணியைப் பறிப்பது இல்லை. இன்றைக்கு ஒரு கேம் கணக்கையோ மின்னூல் கணக்கையோ நினைத்துப் பாருங்க. விதி மீறியதாகக் கம்பனிக்குச் சந்தேகம் வந்தா முதலில் கணக்கு பூட்டப்படும், அதுக்குள்ள இருக்கிற எல்லாமே போகும், பிறகுதான் நீங்க மின்னஞ்சல் எழுதிக்கொண்டு இருக்கணும். 1870இல் ஒரு காலனித்துவ ஆட்சி தேவாலயக் குடியானவருக்குக் கொடுத்த பாதுகாப்பு, இன்றைக்குக் காசு கட்டினவருக்கு இல்லை.

மலையகத் தமிழர்களுக்கு இந்தக் கதையில் மாருவெனவைவிடக் கீழான இடம்தான் கிடைத்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர, கண்டி மாவட்டத்தில்தான் இருக்கு. அந்தத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு லயக் காம்பரா கிடைத்தது, ஆனா வேலையோடு சேர்த்துத்தான். தோட்டம் மாறுவதற்கு ‘துண்டு’ வேணும். இவ்வளவு கடன் இருக்கு, அதைக் கட்டினா இந்த ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக்கொடுக்கிற காகிதம் அது. புதுத் தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும், கடன் புதுக் கணக்கில் ஏறும். துண்டு முறையை 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். வீட்டு விஷயம் அதுக்கப்புறமும் மாறவில்லை. 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் சட்டம், வேலையைவிட்டு நின்றவரிடமிருந்து குடியிருப்பைத் திருப்பி எடுக்க நிர்வாகத்துக்கு வழி வைத்தது.

கேம் கணக்கையும் லயக் காம்பராவையும் ஒப்பிடுறது ஓவர்தான், தெரியும். ஒன்று பொழுதுபோக்கு, மற்றது வாழ்க்கை. ஆனா சட்ட வடிவம் ஒன்றேதான்: வைத்திருப்பவர் கையில் பொருள் இருக்கும், உரிமை வேறொருவர் கையில் இருக்கும், இடையில் ஒரு காகிதம் இருக்கும், அந்தக் காகிதத்தை எழுதினவர் வைத்திருப்பவர் இல்லை.

விற்பனை என்ற சொல்லின் பலம்

நிலத்தில் இப்படி என்றால், கடையில் வாங்குகிற பொருளுக்கு வேற சட்டம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இங்கிலாந்துச் சட்டத்தை அப்படியே ஒட்டி எழுதப்பட்டது. இன்றைக்கும் நடைமுறையில் இருக்கு. கண்டி திருகோணமலை வீதியில் ஒரு கடையில் குடை வாங்கினா, குடையின் உரிமை உங்களுக்கு மாறிடும். விற்றவருக்கு அதை விற்க உரிமை இருந்தது என்றும், பிறகு வந்து உங்கள் அனுபவிப்பைக் குழப்ப மாட்டார் என்றும் அவர் வாயைத் திறந்து சொல்லாமலே வாக்குக் கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பாவனையாளர் பாதுகாப்பின் அடித்தளமே இந்தப் பேசப்படாத வாக்குறுதிகள்தான். ‘விற்பனை’ என்ற சொல்லை எடுத்துவிட்டா இவையெல்லாம் சேர்ந்து போகும்.

கம்பனிகளுக்கு இது ஆரம்பத்திலிருந்தே தெரியும். 1900களில் அமெரிக்காவில் பொப்ஸ் மெரில் என்ற பதிப்பகம் ஒரு நாவலின் பதிப்புரிமை அறிவித்தலுக்குக் கீழே ஒரு வரி அச்சடித்தது: ஒரு டொலருக்குக் குறைவாக விற்றால் பதிப்புரிமை மீறல். மேசிஸ் கடைக்காரர்கள் அதைக் கணக்கிலெடுக்காமல் 89 சதத்துக்கு விற்றார்கள். 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றது. புத்தகத்தை விற்றாச்சு, அந்தப் பிரதியின் மேல் உங்கள் பிடி முடிந்தது என்றது. பழைய புத்தகக் கடை, நூலகம், நண்பனுக்கு இரவல் கொடுத்துத் திரும்பி வராமல் போகிற புத்தகம், எல்லாத்துக்கும் சட்டப்படி இடம் கொடுப்பது இந்தக் கொள்கைதான்.

இங்க இதுக்கு நடுவில் இன்னொரு வகையும் வந்தது. தையல் மெசின், டீவி, பிறகு த்ரீவீலர் எல்லாம் தவணைக்கு எடுப்பது. கடைசித் தவணை கட்டும் வரைக்கும் நீங்க வாங்கினவர் இல்லை, வாடகைக்கு வைத்திருப்பவர். ஆளை வைத்துத் தூக்கிக்கொண்டு போகிற கதைகள் நிறைய. 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் அப்படி எடுத்துக்கொண்டு போவதற்குக் கட்டுப்பாடு வைத்தது. ‘வாடகை’ என்று ஒப்பந்தத்தில் எழுதினா மட்டும் போதாது, காசு கட்டினவருக்கும் ஒரு உரிமை இருக்கு என்று சட்டமன்றம் அப்போது ஏற்றுக்கொண்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, திரும்ப வருவோம்.

கலஹா சந்தியும் சீடிக் கடையும்

கணினி வந்தபோது நம் சட்டம் தயாராக இல்லை. 1979ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டக்கோவை எழுதப்பட்ட காலத்தில் மென்பொருள் ஒரு பிரச்சினையாகவே யாருக்கும் படவில்லை. 1991இல் அமெரிக்காவோடு இலங்கை புலமைச் சொத்து ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டது. 1995இல் உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கை வந்தது. வளர்முக நாடுகளுக்கு 2000 வரை அவகாசம். இந்த இரண்டு அழுத்தத்துக்கும் பதிலாகத்தான் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பிறந்தது. அதில் கணினி நிரலும் புத்தகத்தோடு ஒரே வரிசையில் ‘எழுத்து’ ஆக நிற்குது. வேணுமென்றே மீறினா 5 இலட்சம் ரூபா வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டப் புத்தகத்தில் இப்படி. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் கலஹா சந்தியில் நடந்தது வேற. அங்கே போட்டோ கொப்பிக் கடைகள் இல்லாம எத்தனை பேர் பட்டம் எடுத்திருப்பார்கள் என்று தெரியாது. சொந்தத் தேவைக்கு ஒரு பிரதி எடுக்கலாம், ஆனா முழுப் புத்தகமோ அதன் பெரும்பகுதியோ கூடாது என்பது 2003 சட்டத்தின் நிலை. மென்பொருளுக்கு இன்னும் இறுக்கம்: சட்டப்படி ஒரு பிரதியை வைத்திருப்பவர் பாதுகாப்புக்கு ஒன்று எடுத்து வைக்கலாம், அவ்வளவுதான். (டில்லிப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த போட்டோ கொப்பிக் கடை ஒன்றின் மேல் ஒக்ஸ்போர்ட் உட்பட பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016இல் டில்லி உயர் நீதிமன்றம் கடை பக்கம் தீர்ப்புச் சொன்னது. கற்பித்தலுக்கான விதிவிலக்கு இந்தியச் சட்டத்தில் அகலமாக எழுதப்பட்டிருந்தது.)

மென்பொருள் சீடிக் கடைகள் தனி உலகம். கண்டி டவுனில் விண்டோஸ், போட்டோசொப், ஒட்டோகாட் எல்லாமே ஒரே விலைக்கு ஒரே றாக்கையில் இருந்த காலம். மென்பொருள் கம்பனிகளின் சங்கமான பிஎஸ்ஏயின் கணிப்புப்படி 2011இல் இலங்கையில் நிறுவப்பட்ட மென்பொருளில் 84 வீதம் லைசன்ஸ் இல்லாதது. 2017இல் 77 வீதம். கம்பனிகளே எடுத்த கணக்கு என்பதால் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் வாசிக்கணும், ஆனாலும் திசை சரி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அந்தக் கள்ளச் சீடி, பாவிக்கிறவர் கண்ணில் முழுச் சொத்து. இரவல் கொடுக்கலாம், கீறல் விழுந்தா கடையில் மாத்தலாம், தங்கச்சிக்கு விட்டுப் போகலாம். சட்டப்படி காசு கட்டி எடுத்தவருக்கு இது எதுவும் இல்லை. சட்டவிரோதப் பொருள் சொத்து மாதிரி நடந்துகொண்டது, சட்டபூர்வப் பொருள் துண்டு மாதிரி நடந்துகொண்டது. களவை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. எங்க ஊரில் லைசன்ஸ் என்ற சொல்லோடு யாரும் சண்டை போடாததுக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். யாரும் அதை வாசிக்கவே இல்லை, வாசிக்கத் தேவையும் வரவில்லை.

லைசன்ஸ் என்றாலே பறிப்பது என்றும் இல்லை. பேராதனைக்கு மேலே நிற்கிற ஹந்தானை மலையின் பெயரில் ஹந்தானை லினக்ஸ் என்று ஒன்று 2009 அளவில் வந்தது. பெடோராவை அடிப்படையாக வைத்து, சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் சேர்த்து, பாடசாலைகளை நினைத்துச் செய்தது. அதுவும் லைசன்ஸின் கீழ்தான் வந்தது. ஆனா அந்த லைசன்ஸ் கொப்பி எடு, மாத்து, மற்றவனுக்கும் கொடு என்று சொல்லும் லைசன்ஸ். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் எழுத்தாளர்களிடமும் வெளியீட்டாளர்களிடமும் அனுமதி கேட்டுக் கேட்டுத்தான் ஈழத்துத் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. மலையகத்தில் எத்தனையோ பேர் நம் பழைய சஞ்சிகைகளைப் பார்த்தது அங்கேதான்.

ஆசியப் பதிப்பு என்ற கணக்கு

இனி கம்பனிகள் பக்கத்து நியாயத்தையும் பார்க்கணும். அது ஒன்றும் வெறும் பேராசை இல்லை.

பேராதனை மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு பொருளை எடுப்போம். அமெரிக்கப் பாடநூலின் மலிவான ஆசியப் பதிப்பு. தாள் கொஞ்சம் மெல்லிசு, அட்டையில் இந்த நாடுகளில் மட்டும் விற்பனைக்கு என்று ஒரு பட்டியல், அதில் இந்தியா, பங்களாதேஷ் வரிசையில் இலங்கையும் இருக்கும். உள்ளே இருப்பது கிட்டத்தட்ட அதே பாடம். அமெரிக்காவில் கூடின விலை, இங்க குறைந்த விலை. புத்தகம் எழுதி முடிக்கத்தான் பெரிய செலவு, இன்னொரு பிரதி அடிக்கச் செலவு குறைவு. ஆகவே கட்டக்கூடியவரிடம் கூட வாங்கி, கட்ட முடியாதவரிடம் குறைத்து வாங்கினா இரண்டு பேருக்கும் புத்தகம் கிடைக்கும், பதிப்பகத்துக்கும் லாபம். 1996இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று இதே நியாயத்தைத்தான் சொன்னது. புரோசீடி என்ற கம்பனி 3,000க்கும் மேற்பட்ட தொலைபேசி வழிகாட்டிகளைத் தொகுத்துச் சீடியாக விற்றது. வீட்டுக்கு ஒரு விலை, வியாபாரத்துக்கு ஒரு விலை. ஒரு மாணவர் வீட்டு விலைக்கு வாங்கி இணையத்தில் வியாபாரம் செய்தார். பெட்டிக்குள்ள இருக்கிற ஒப்பந்தம் செல்லும் என்றார் நீதிபதி ஈஸ்டர்புரூக். செல்லாது என்றால் எல்லாருக்கும் ஒரே கூடின விலைதான் வரும், வீட்டுப் பாவனையாளர்தான் பாதிக்கப்படுவார் என்பது அவருடைய வாதம்.

இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை இருக்கு: மலிவாக வாங்கினவர் திருப்பி விற்கக்கூடாது. அதைத்தான் தாய்லாந்து மாணவர் ஒருவர் உடைத்தார். சுப்பப் கிர்ட்செங் அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஆசியப் பதிப்புகளை வாங்கி அனுப்ப, அவர் அதை அங்கே விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. எங்கே அச்சடித்தாலும் விற்றது விற்றதுதான்.

அவருக்கு அது வெற்றி. நமக்கு? ஆசியப் பதிப்பின் விலையை ஏற்றுவதற்குப் பதிப்பகங்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. காகிதத்தை விட்டு, திருப்பி விற்கவே முடியாத மின்னூல் லைசன்ஸுக்கு மாறுவதற்கும் அதே காரணம் உதவும். ஒரு நியாயமான உரிமையை நீதிமன்றம் காப்பாற்றினாலும் சந்தை அதைச் சுற்றிக்கொண்டு போகலாம். இதுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆனா ஒன்று கேட்கலாம். லைசன்ஸ் இருப்பதால்தான் ஏழை நாட்டுக்கு மலிவு விலை என்றால், அந்த மலிவு விலை எங்கே? 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் கிட்டத்தட்ட 200 ரூபா. மே மாதத்தில் 360. மாசம் 10 டொலர் சந்தா 2,000 ரூபாவிலிருந்து 3,600 ஆகிடுச்சு. இலங்கைக்கென்று ரூபாவில் விலை வைத்த சேவைகளில் இந்த அடி உடனே விழவில்லை. வைக்காதவற்றில் நியூயோர்க்காரர் கட்டுற அதே தொகையை நாமும் கட்டினோம், அல்லது விட்டோம். விட்டவர்களுக்கு அதுவரைக்கும் கட்டின மாசங்களுக்குக் கையில் என்ன மிச்சம்? கள்ளச் சீடிக்காரனிடம் சீடியாவது இருந்தது.

அடி விழுந்த இடங்கள்

2009 ஜூலையில் அமேசான் தன் கிண்டில் வாசகர்களின் கருவிகளிலிருந்து, அவர்கள் காசு கொடுத்து எடுத்திருந்த ஜோர்ஜ் ஓர்வெல் நூல்களைத் தூரத்திலிருந்தே அழித்தது. விற்ற கம்பனிக்கு உரிமை இருக்கவில்லை என்பது காரணம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். அழிந்த நூல்களில் ஒன்று ‘1984’ என்பதால் உலகம் சிரித்தது. குறிப்புகளோடு வைத்திருந்த ஒரு பள்ளி மாணவர் சிரிக்கவில்லை, வழக்குப் போட்டார். அமேசான் சமரசத்துக்கு வந்தது. கேமர்களுக்கு இன்னொரு உதாரணம்: 2024 மார்ச் 31இல் யூபிசொப்ட் ‘த குரூ’ கேமின் சேவர்களை நிறுத்தியது. டிஸ்க் கையில் இருந்தவர்களுக்கும் அது ஓடவில்லை.

நூலகங்களுக்கும் இதே கதி. கண்டி வாவிக்குப் பக்கத்தில் இருக்கிற டி. எஸ். சேனநாயக்க ஞாபகார்த்த நூலகம் ஒரு புத்தகத்தை வாங்கினா, அது கிழியும் வரைக்கும் இரவல் கொடுக்கலாம். மின்னூலில் அப்படியில்லை. 2011இல் ஹாப்பர்கொலின்ஸ் பதிப்பகம் அமெரிக்க நூலகங்களுக்கு விதித்த கணக்கு 26 இரவல். இருபத்தாறாவது ஆள் திருப்பிக் கொடுத்ததும் புத்தகம் இல்லை, மறுபடி காசு.

நீதிமன்றங்கள் ஒரு பக்கமாகவும் போகவில்லை. 2010இல் அமெரிக்காவில், பழைய ஒட்டோகாட் பெட்டிகளை ஈபேயில் விற்ற வெர்னர் என்பவர் தோற்றார். அவை விற்கப்படவில்லை, லைசன்ஸ்தான் என்று தீர்ப்பு. இரண்டு வருசம் கழித்து, 2012இல், ஐரோப்பிய நீதிமன்றம் ஒரக்கிளுக்கு எதிராக நேர்மாறாகச் சொன்னது: காலவரையில்லாத லைசன்ஸுக்கு ஒரே தடவை காசு வாங்கினா அது விற்பனைதான், பெயர் எதுவானாலும். பிறகு 2019இல் அதே நீதிமன்றம் மின்னூலுக்கு அந்தச் சலுகை இல்லை என்றது. இந்திய உச்ச நீதிமன்றம் இதை வரி வழக்குகளில் சந்தித்தது. 2004இல் டாட்டா கன்சல்டன்சி வழக்கில் பெட்டியில் வருகிற மென்பொருளும் ‘பொருள்’தான் என்றது, 2021இல் என்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில், பெட்டிக்குள்ள லைசன்ஸ் தாள் இருந்தாலும் அது ஒரு பிரதியின் விற்பனை என்றது. வரி விஷயத்துக்கு வந்தா கம்பனிகளே ‘இது விற்பனை’ என்று வாதாடும். இடத்துக்கு ஏற்ற மாதிரி சொல் மாறும்.

நம் சட்டத்தில் இருக்கிற ஒரு சொல்

2003இல் இலங்கைப் பாராளுமன்றம் இரண்டு பெரிய சட்டங்களை நிறைவேற்றியது. ஒன்று மேலே சொன்ன புலமைச் சொத்துச் சட்டம். மற்றது 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். ஒரே வருசம், ஒரே பாராளுமன்றம். ஆனா இரண்டையும் எழுதினவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்த மாதிரித் தெரியவில்லை. ஒன்று படைத்தவரின் உரிமை பற்றிப் பேசுது, மற்றது கடைக்காரரின் கடமை பற்றிப் பேசுது. படைத்தவரே கடைக்காரராகவும் இருந்தா என்ன செய்வது என்று இரண்டிலும் இல்லை.

மருந்து விஷயத்தில் மட்டும் யாரோ விழித்துக்கொண்டார்கள். புலமைச் சொத்துச் சட்டமூலத்தை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிரிப்ஸ் உடன்படிக்கையே ஏழை நாடுகளுக்கு விட்டுக்கொடுக்கிற சலுகைகளை, அதாவது வேறு நாட்டில் மலிவாக விற்கிற மருந்தை இறக்குமதி செய்வது, கட்டாய லைசன்ஸ் கொடுப்பது போன்றவற்றை, சட்டமூலம் விட்டுவிட்டது என்பது வாதம். நீதிமன்றம் அதை ஏற்றது. சமமில்லாதவர்களைச் சமமாக நடத்துவதும் சமத்துவ உரிமையை மீறுவதுதான் என்ற அடிப்படையில் அந்தப் பகுதிகள் திருத்தப்பட்டன. மாத்திரை வாங்குகிறவரின் குரல் இப்படித்தான் அந்தச் சட்டத்துக்குள்ள வந்தது. மென்பொருள் வாங்குகிறவருக்காக யாரும் போகவில்லை. அந்த நேரத்தில் எல்லாரும் சீடிக் கடையில் இருந்தோம்.

சரி, இருக்கிறதை வைத்து என்ன செய்யலாம்? பாவனையாளர் சட்டத்தின் பெயரையே பாருங்க. தமிழ்நாட்டில் நுகர்வோர் என்பார்கள், நம் அரச தமிழில் பாவனையாளர். பாவிக்கிறவர். இது வெறும் மொழிபெயர்ப்பு விபத்து இல்லை. ஆங்கில மூலத்தின் வரைவிலக்கணமும் வாங்குபவரைச் சொல்லவில்லை. காசுக்குக் கிடைக்கும் பொருளையோ சேவையையோ பாவிப்பவர், பாவிக்கக்கூடியவர் என்றுதான் சொல்லுது. லைசன்ஸ் ஒப்பந்தம் மொத்தமும் ‘நீ வாங்கினவர் இல்லை, பாவிக்கிறவர் மட்டும்தான்’ என்று நம்மைத் தள்ளிவிடப் பார்க்குது. தள்ளிவிட்ட இடத்தில்தான் இந்தச் சட்டம் நிற்குது.

அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி எவரும் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துகிற, அல்லது வழிநடத்தக்கூடிய நடத்தையில் ஈடுபடக்கூடாது என்கிறது. ‘வாங்கு’ பொத்தானுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படிங்க. 2025 ஜனவரி 1இலிருந்து கலிபோர்னியாவில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதையேதான் செய்யுது: லைசன்ஸை மட்டும் கொடுத்துக்கொண்டு ‘வாங்கு’ என்று எழுதினா, அது லைசன்ஸ்தான் என்று வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லணும். அவர்களுக்கு அதுக்குத் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. என் வாசிப்பில் நமக்கு 2003இலிருந்தே அடிப்படை இருக்கு. பிரித்தானியா 2015இல் இன்னும் ஒரு படி மேலே போய், பொருளும் இல்லை சேவையும் இல்லை, ‘டிஜிட்டல் உள்ளடக்கம்’ என்று மூன்றாவது வகையையே உண்டாக்கியது. தவணைக் கொள்வனவுக்கு 1982இல் நம் பாராளுமன்றமும் அப்படித் தனியாக யோசித்ததைத்தான் முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

தடைகள் சின்னது இல்லை. முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் கொடுக்கணும். கேமை நிறுத்துவது பெரும்பாலும் வருசக்கணக்கில் கழித்துத்தான். இழப்பு ஆளுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ. அதுக்காக யாரும் ஒரு நாள் லீவு போட்டுக் கச்சேரிக்குப் போக மாட்டார்கள், கம்பனி அதை நம்பித்தான் இருக்கு. ஆயிரம் பேருடைய இரண்டாயிரம் சேர்ந்தா கணக்கு மாறும். பாவனையாளர் அமைப்புகள் உருவாக உதவுவது அதிகார சபையின் வேலைகளில் ஒன்று என்று சட்டத்திலேயே இருக்கு. கண்டியில் கேமர்கள் கூடுற இடங்கள் இருக்கு, பேராதனையில் மாணவர் சங்கங்கள் இருக்கு. இதுவரைக்கும் பாவனையாளர் அமைப்பு என்றாலே அரிசி விலை, பருப்பு விலை மட்டும்தான்.

கடைசியா எல்லாரும் சொல்கிற தடை: கம்பனி இலங்கையிலேயே இல்லையே, யாரை விசாரிப்பது? 2025இல் பாராளுமன்றம் வற் சட்டத்தைத் திருத்தியது. வெளிநாட்டில் இருந்துகொண்டு இணையவழியாக இலங்கையில் உள்ளவர்களுக்குச் சேவை கொடுக்கிற கம்பனிகளும் இங்கே பதிவு செய்து வற் கட்டணும் என்று அதில் எழுதியாச்சு. வற் 18 வீதம். அந்தக் காசும் நம் கார்டிலிருந்துதான் போகப்போகுது. இங்கே அலுவலகமே இல்லாத கம்பனியைத் தேடிப்பிடித்துப் பதிவு செய்யச் சொல்கிற வழியை இறைவரித் திணைக்களத்துக்குச் சட்டம் எழுதிக் கொடுத்திருக்கு. அதே பதிவை வைத்துப் பாவனையாளர் அதிகார சபையும் ஒரு கடிதம் அனுப்பக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் நான் பார்க்கவில்லை.